பயப்படாதீங்க என்றவர்

அன்றைக்கு அந்த அறையில் இருந்தது நாலு பேர். நான், என் வீட்டுக்காரர், அறைக்குச் சொந்தக்காரியான அத்தை, அப்புறம் அவர். அத்தை வாசற்படியில் உட்கார்ந்து முறத்தில் மிளகு புடைத்துக்கொண்டிருந்தார். முகம் வெளியே பார்த்தாலும் காது உள்ளேதான் இருந்தது. வேறு ஒருவரும் இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடுவது நல்லது. பின்னால் ஊர்க்கூட்டம் நடந்தபோது, அன்றைக்கு அங்கே இல்லாதவர்கள்கூட இருந்த மாதிரிப் பேசினார்கள்.

அவர் பெயரை எழுத மாட்டேன். அவருக்கும் பள்ளிக்கூடம் போகிற பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். கீழே சமவெளியிலிருந்து மாற்றலாகி வந்து, செம்மேட்டில் ஒரு அரசாங்க ஆபீசில் வேலை பார்த்தவர் என்பது போதும். மலையில் எல்லாருக்கும் அவர் 'சார்'தான்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு; பயந்தவள் என்று எங்கள் எடப்புளி நாடு முழுக்கப் பெயர் வாங்கியவள். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருவேன். பஸ் கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொள்வேன். யாராவது போன் எடுக்காவிட்டால் அவர்களுக்கு என்ன ஆயிற்றோ என்று சோறு இறங்காது. என் வீட்டுக்காரர் கல்யாணமான புதிதில் கேலி செய்து பார்த்தார், பிறகு அவரே பழகிக்கொண்டார். அப்படிப்பட்டவளுக்கு சார் எப்பேர்ப்பட்ட மனிதராகத் தெரிந்திருப்பார் என்று நினைத்துப் பாருங்கள்.

அவருக்கு ஒரு கை அசைவு உண்டு. உள்ளங்கையைக் கவிழ்த்து, பொங்கி வருகிற பானைக்கு மூடி போடுகிற மாதிரி காற்றில் மெதுவாக அழுத்துவார். கூடவே "பயப்படாதீங்க" என்பார். குரலை உயர்த்த மாட்டார். காரணமும் சொல்ல மாட்டார். கேட்டவருக்கு நெஞ்சு தானாக இறங்கிவிடும்.

முதல்முறை நான் அதைப் பார்த்தது பஸ்ஸில். மழை நாள். நடு வளைவில் பனிமூட்டம் வந்து, முன்னால் போகிற லாரியின் பின்விளக்குகூடத் தெரியவில்லை. டிரைவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார். எஞ்சினிலிருந்து ஏதோ தீய்ந்த வாடை. கைக்குழந்தைக்காரி ஒருத்தி அழ ஆரம்பித்தாள். நான் அழவில்லை, ஆனால் எப்போது அழலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பின்சீட்டிலிருந்து சார் எழுந்து வந்து நடுவழியில் நின்று கையைக் கவிழ்த்தார். "பயப்படாதீங்க. கால் மணி நேரத்துல கலைஞ்சிடும். அந்த வாடை பிரேக்கு சூடு, வேற ஒண்ணுமில்ல." கொஞ்ச நேரத்தில் மூட்டம் கலைந்தது. வண்டியும் கிளம்பியது. கைக்குழந்தைக்காரி அவரைக் கும்பிட்டாள். அவர் என்னவோ தானே மூட்டத்தை விலக்கியவர் போல அடக்கமாகத் தலையாட்டிக்கொண்டார்.

அவருக்குப் பொழுதுபோக்கு விமானம் விடுவது. மீன் வருகிற தெர்மாகோல் பெட்டிகளை அறுத்து இறக்கை செய்வார். ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் கையில் ரிமோட்டோடு நிற்பார், அந்த வெள்ளை விமானம் சில்வர் ஓக் மரங்களுக்கு மேலே ஈ மாதிரி ரீங்காரம் போட்டுக்கொண்டு சுற்றும். நாய்கள் குரைத்துக்கொண்டே கீழே ஓடும். அதைப் பார்க்கப் போகிறவர்கள் அப்படியே ஒரு யோசனையும் கேட்டுவிட்டு வருவார்கள். பழைய டிராக்டர் வாங்கலாமா, பிள்ளையை எந்தப் படிப்பில் சேர்க்கலாம், ஆபரேஷனுக்குச் சேலம் போவதா நாமக்கல் போவதா என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் விடை இருந்தது. "தெரியலைங்க" என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

சொன்னதெல்லாம் பலித்தது என்று சொல்ல மாட்டேன். பக்கத்து ஊரில் ஒருவர் அவர் பேச்சைக் கேட்டுப் பழைய தண்ணி மோட்டார் வாங்கினார், ஒரு மாதத்தில் காயில் கருகிவிட்டது. சார் அந்தப் பக்கமே போகவில்லை. "இங்கே வோல்டேஜ் சரியில்லை, மோட்டார் என்ன பண்ணும்" என்று மைதானத்திலிருந்தே சொல்லி அனுப்பினார். மோட்டார்காரரே அதை நாலு பேரிடம் அவருக்காக எடுத்துப் பேசினார். எனக்கு இன்றைக்குத்தான் தோன்றுகிறது: அவர் தைரியம் சொல்லிவிட்டு அங்கே நிற்கிற ஆள் இல்லை. பஸ்ஸில் மட்டும்தான் நின்றார். அதுவும் இறங்கிப் போக இடமில்லாததால்.

எங்கள் கதைக்கு வருகிறேன். என் வீட்டுக்காரர் குச்சிக்காட்டுக்கு மருந்தடிக்கப் போகிறவர். குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிச் செடியில் மாவுப்பூச்சி விழுந்தால் உச்சி வரைக்கும் நனைய வேண்டும். சரிவில் டேங்கை முதுகில் சுமந்து அவருக்கு இடுப்பு போய்விட்டது. சேலத்தில் ஒருவர் சொந்தமாகப் பூட்டிய மருந்தடிக்கும் ட்ரோனைப் பாதி விலைக்கு விற்கிறார் என்று தெரிந்து, என் காதில் கிடந்ததையும் சேர்த்து வாங்கினோம். நாலு பெரிய பேட்டரி, ஒரு சார்ஜர். ஊருக்குக் கொண்டுவந்த பிறகுதான் தெரிந்தது, அந்தச் சார்ஜரை நேராகச் சுவரில் சொருக முடியாது. விமானம் விடுகிறவர்கள் வைத்திருக்கும் சார்ஜர் அது. கரண்டை இருபத்துநாலு வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்க நடுவில் ஒரு பவர் சப்ளை வேண்டும்.

விமானச் சார்ஜர் என்றால் சாரைத்தான் கேட்க வேண்டும். கேட்டோம். அவர் அரைகுறையாக ஒன்றும் சொல்லவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். ஒரே நேரத்தில் எத்தனை பேட்டரி போடுவீர்கள், எவ்வளவு சீக்கிரம் நிறைய வேண்டும் என்று விசாரித்தார். சார்ஜர் எவ்வளவு இழுக்குமோ அதைவிடத் தாராளமாகக் கொடுக்கிற சப்ளையாக இருக்க வேண்டும், மூச்சுமுட்ட வேலை வாங்கினால் சூடேறிச் செத்துப்போகும் என்றார். விளம்பரப் பலகைக்கும் கேமராவுக்கும் போடுகிற மலிவு சப்ளையில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள் என்றார். நாமக்கல்லில் நல்லதாக ஒன்று கேட்டால் விலை எங்களால் முடியவில்லை. அப்போதுதான் சொன்னார், பெரிய கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பவர் சப்ளை தன்னிடம் இருக்கிறது, ஒவ்வொன்றும் பன்னிரண்டு வோல்ட், இரண்டைத் தொடுத்தால் இருபத்துநாலு, யானை மாதிரி உழைக்கும் என்று. கடை விலையில் கால்வாசிதான் கேட்டார். ஆபீசில் கழித்துப்போட்ட சாமான் என்று போகிற போக்கில் சொன்னார். கழித்ததுதானே என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

அவர் குவார்ட்டர்சுக்கு ஒருமுறை அன்னாசிப்பழம் கொடுக்கப் போயிருந்தேன். மேசையில் அவருடையதும் அதே மாதிரி இரண்டு. ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனிப் பலகையில், நடுவில் ரப்பர் விரிப்போடு இருந்தன. ஒன்றின் பிளக்கில் சிவப்பு டேப் சுற்றியிருந்தது. நன்றாகத்தான் அழகு பண்ணி வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நாலு பேர் இருந்த நாள் இதற்கப்புறம் வந்தது. எங்கள் ஊடு ஓலைக் கூரை, கரண்டு வைக்கப் பயம். அதனால் அத்தையின் ஓட்டு அறையில் ஒரு மூலையை வாடகைக்குக் கேட்டிருந்தோம். அத்தை என்றால் ரத்த உறவு இல்லை. புருஷன் போன பிறகு தனியாக மிளகுக்கொடியைப் பார்க்கிறவர், என்னைக் 'கண்ணு' என்று கூப்பிடுகிறவர். அந்த வருஷத்து மிளகு முழுவதும் விலை ஏறட்டும் என்று அதே அறையில் மூட்டையாக இருந்தது. அதை விற்றுத்தான் அடமானத்தில் இருக்கும் மேட்டுக்காட்டை மீட்க வேண்டும்.

சார் வந்து இரண்டு சப்ளையையும் வைத்து, ஒரே ஜங்ஷன் பாக்ஸில் சொருகி, சார்ஜரில் பச்சை விளக்கு எரிய வைத்தார். என் கண் பிளக்கில் போய் நின்றது. மூன்று பின் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு பிளக்கில் மட்டும் மேலே இருக்கும் தடித்த பின்னை ரம்பத்தால் அறுத்திருந்தது.

"ஏனுங்க சார், இதுல ஒரு பின்னு இல்லீங்களே?"

கை கவிழ்ந்தது. "பயப்படாதீங்க. விளக்கு எரியுதுல்ல?"

என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டு, "சார் வெச்சா கரண்டே கடிக்காது போல" என்றார். அத்தையும் முறத்தைத் தட்டிக்கொண்டே சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். தெருவில் பைக் நின்ற இடம்வரை நாங்கள் இரண்டு பேரும் கூடவே போயிருந்தோம். போகிற வழியில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று, மலைத்தேன் கிடைக்குமா என்று.

இரண்டு மாதம் வேலை ஓடியது. என் வீட்டுக்காரர் சரிவில் ஏறாமல் காட்டு ஓரத்தில் நின்றுகொண்டே மருந்தடித்தார். பக்கத்து நாட்டு ஊர்களிலிருந்தெல்லாம் கூப்பிட்டார்கள். நான் பேட்டரிகளைக் கூடையில் வைத்துச் சுமந்தேன். அப்புறம் சாரல் பிடித்தது. தரை ஈரம். ஒருநாள் சப்ளையின் மேல் தகரத்தைத் தொட்டபோது விரலில் எறும்பு கடிக்கிற மாதிரி சுருக்கென்றது. போன் செய்தேன். ஈரக் கையாக இருக்கும் என்றார். பயப்படாதீங்க என்றார். போனில் அந்தக் கை தெரியவில்லை, ஆனாலும் கவிழ்ந்திருக்கும்.

எனக்கு இரவு பகலாக அந்த அறுத்த பின்தான் கண்ணில். என் தொல்லை தாங்காமல் என் வீட்டுக்காரர் செம்மேட்டுச் சந்தைக்குப் போன அன்று மூன்று பின்னும் உள்ள புது வயர் வாங்கிவந்து மாற்றினார். "இப்பவாச்சும் தூங்கு புள்ள" என்றார். மறுநாள் காலையில் மூட்டம் விலகி வெயில் அடித்தது. மறுபடி மழை வருவதற்குள் மருந்தடித்து முடிக்க வேண்டும் என்று, காலியான இரண்டு பேட்டரிக்குச் சுவிட்சைப் போட்டுவிட்டு, நிறைந்திருந்த இரண்டு பேட்டரியைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். எப்போதும் விளக்கு எரிகிறதா என்று இரண்டு தரம் பார்ப்பவள் நான். அன்றைக்குப் பார்க்கவில்லை. பின் வந்துவிட்டதே என்று அவ்வளவு நிம்மதி.

எதிர்ச்சரிவில் இருந்தபோது தொண்டை கரித்தது. முதலில் மருந்து என்று நினைத்தோம். பிறகு பார்த்தால் ஊரே இருமிக்கொண்டிருக்கிறது. மிளகு எரிகிறபோது வருகிற புகை எப்படி இருக்கும் என்று எழுத எனக்குத் தெரியவில்லை. குடத்தில் தண்ணீரோடு ஓடினவர்கள் வாசலுக்குக் கிட்டேகூடப் போக முடியாமல் கண்ணைப் பொத்திக்கொண்டு திரும்பினார்கள். அத்தையை மூன்று பெண்கள் பிடித்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் போனேன். அவர் என்னைப் பார்த்தார், கண்ணு என்று சொல்லவில்லை.

நாமக்கல் கடைக்காரர்தான் பிறகு விளங்க வைத்தார். அந்த மாதிரிச் சப்ளைகளில் வெளித்தகரமும் உள்ளே இருக்கிற ஒரு கம்பியும் ஒன்றுதானாம். இரண்டைத் தொடுத்தால் இரண்டாவதன் தகரத்தில் முதலாவதன் பன்னிரண்டு வோல்ட் வந்து நிற்கும். அதனால்தான் தொடுக்கிறவர்கள் ஒன்றின் தடித்த பின்னை, அதுதான் எர்த்துப் பின்னாம், அறுத்து, தகரமும் தகரமும் படாமல் தள்ளி வைப்பார்களாம். அதுவே சரியான முறை இல்லை, உயிருக்கு ஆபத்து என்றும் சொன்னார். நாங்கள் புது வயர் போட்டதும் எர்த்துக் கம்பி வழியாக இரண்டும் ஒட்டிக்கொண்டுவிட்டன. அவ்வளவு கரண்டும் அந்த மெல்லிய கம்பியில் ஓடி, அது நெருப்பாகி, பக்கத்தில் இருந்த சாக்கைப் பிடித்துவிட்டது. "ஏனுங்கம்மா, குடுத்தவரு இதைச் சொல்லலீங்களா?" என்று கேட்டார். எனக்கு அந்தப் பலகையும் ரப்பரும் சிவப்பு டேப்பும் ஞாபகம் வந்தன. அழகுக்கு இல்லை.

கூட்டத்துக்கு முந்தின நாள் காலையில் சார் எங்கள் ஊட்டுக்கு வந்தார். காப்பி கொடுத்தேன். வந்தவருக்குக் கொடுக்காமல் எப்படி. பிறகு கேட்டேன், அந்தப் பின்னை ஏன் அறுத்தீர்கள் என்று அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று.

"சொல்லியிருந்தா பயந்திருப்பீங்க. வாங்கியிருக்க மாட்டீங்க" என்றார்.

அதைத் தப்பை ஒத்துக்கொள்கிற மாதிரிச் சொல்லவில்லை, எனக்கு நல்லது செய்த மாதிரிச் சொன்னார். அப்புறம் தணிந்த குரலில், கூட்டத்தில் வயரைப் பற்றிச் சொல்லாமல் விட்டதைத் தானே சொல்லிவிடுவதாகவும், மிளகுக்காசில் பாதி தன்னுடையது என்றும் சொன்னார். நான் செய்ய வேண்டியது ஒன்றுதான். அந்தச் சப்ளை எங்கிருந்து வந்தது என்று வாயைத் திறக்கக் கூடாது.

"கழிச்ச சாமான்னு நான் சொன்னேன், ஆனா கணக்குல இன்னும் கழிக்கல. தெரிஞ்சா எனக்கு வேலை போகும். வாங்குன உங்க மேலயும்தான் கேஸ் வரும். முதல்ல உங்க வீட்டுக்காரரைத்தான் கூப்பிடுவாங்க."

எத்தனையோ வருஷமாக எல்லாருடைய பயத்தையும் எடுத்த வாய். அன்றைக்குத்தான் அதிலிருந்து பயம் வெளியே வந்தது. கை மடியிலேயே கிடந்தது, கவிழவில்லை. நான் சரி என்றேன்.

கூட்டம் கோயில் பக்கத்து மரத்தடியில். ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் நடுவில். எங்கள் ஊர் வழக்கத்தில், ஆபத்து தெரிந்தும் சொல்லாமல் கொடுத்தவர் என்றால் நஷ்டத்தில் அவருக்கும் பங்கு உண்டு. சொன்னதைக் கேட்காமல் கெடுத்தவர் என்றால் முழுவதும் கெடுத்தவர் தலையில். ஆகவே கேள்வி ஒன்றுதான்.

"ஏனுங்க சார், அந்த வயரைப் பத்தி இவங்களுக்குச் சொன்னீங்களா, இல்லீங்களா? அதை மட்டும் சொல்லுங்க" என்றார் கவுண்டர்.

அவர் எழுந்து நின்றார். கையைக் கவிழ்த்து எல்லாரையும் அமைதிப்படுத்தினார். யாரும் சத்தம் போடவே இல்லை, இருந்தாலும்.

"சொன்னேங்க. வயரை மாத்தவே கூடாதுன்னு தெளிவா சொன்னேன். பாவம், அவங்களைக் குத்தம் சொல்லாதீங்க. பயந்த சுபாவம். பயத்துல காதுல எது ஏறும்?"

எனக்காகப் பரிந்து பேசுகிற குரல். கூட்டத்தில் பின்னாலிருந்து ஒருவர், "கோழி கத்துனாலே போலீசு வருதும்பா அவ" என்றார். சிரித்தார்கள். கெட்ட சிரிப்புகூட இல்லை. இத்தனை வருஷம் என்னோடு சிரித்த அதே சிரிப்பு.

அத்தை மட்டும் எழுந்தார். "இவ கேட்டா. அவரு பயப்படாதீங்கன்னாரு. என் காதுல விழுந்தது அவ்வளவுதான்."

"ஆமாங்கம்மா. வெளியே பைக்கை எடுக்கும்போது தனியா சொன்னேன்" என்றார் சார். பைக்குக்கிட்டே அத்தை இல்லை. நான் இருந்தேன், என் வீட்டுக்காரர் இருந்தார். அங்கே பேச்சு மலைத்தேனைப் பற்றி.

என் வீட்டுக்காரர் எழுந்தார். எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறார் என்று தெரிந்தது. சப்ளை எங்கிருந்து வந்தது என்பது வரைக்கும். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். முதல்ல உங்க வீட்டுக்காரரைத்தான் கூப்பிடுவாங்க என்ற குரல்தான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் எழுதப் போவதில்லை. பிறகு உட்கார்ந்துகொண்டார்.

கவுண்டர் மிளகுக்கு விலை கட்டினார். ஒரு லட்சத்து இருபதாயிரம். முழுவதும் எங்கள் தலையில். கூட்டம் கலைகிறபோது சார் என் பக்கமாக வந்து, மற்றவர்கள் காதில் விழாமல், "பாதி என் பொறுப்புதான், பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போதும் நான் நம்பினேன். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அடுத்த மாதமே மாற்றல் வாங்கிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். வழியனுப்ப மலையே போனது, மாலை போட்டார்கள். மோட்டார்காரர் அழுததாகக் கேள்வி. விமானங்களைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் போனாராம். தன் மேசையில் இருந்த இரண்டு சப்ளையையும் பலகையோடு கட்டி லாரியில் ஏற்றினார் என்று சாமான் தூக்கியவர் சொன்னார்.

ஆபீசுக்கு எழுதிப் போடு என்கிறார் என் வீட்டுக்காரர். மறுபடியும் முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு சரிவில் ஏறுகிறவர் சொல்கிறார். எழுத உட்கார்ந்தால் கேஸ், ஸ்டேஷன், இவர் கையைக் கட்டி நிற்பது எல்லாம் கண்ணில் வருகிறது. எழுந்துவிடுகிறேன்.

போன் செய்தால் எடுக்காமல் இருக்க மாட்டார். அதுதான் வேடிக்கை. முதல் மணியிலேயே எடுப்பார், பிள்ளைகள் சௌக்கியமா என்று விசாரிப்பார், அடுத்த மாதம் கட்டாயம் அனுப்பிவிடுகிறேன் என்பார், பயப்படாதீங்க என்பார். போனை வைத்த பிறகு அடுப்படிக்குப் போகிறவரை எனக்கு நெஞ்சு லேசாகத்தான் இருக்கிறது. எந்த வெட்கமும் இல்லாமல் லேசாக இருக்கிறது. அப்புறம் சன்னல் வழியாக அத்தையின் மேட்டுக்காடு தெரியும். அதில் இந்த வருஷமும் அடமானம் பிடித்தவர்தான் உழுகிறார்.

மிஞ்சிய இரண்டு பேட்டரியோடு ட்ரோனை நாற்பத்தைந்தாயிரத்துக்கு விற்று அத்தையிடம் கொடுத்தோம். கிழங்கும் கூலியுமாக இரண்டு வருஷத்தில் முப்பத்துநாலாயிரம் கொடுத்திருக்கிறோம். சார் அனுப்பியது ஒன்றுமில்லை. அத்தைக்கு இன்னும் தர வேண்டியது நாற்பத்தோராயிரம் ரூபாய்.